பிள்ளை பேசவில்லையா? நடக்கவில்லையா? 'அப்பனும் லேட்டுதான்' என்று காத்திருக்காதீர்கள்!

மணிமங்கலம்:-

காலை 5 மணி. மணிமங்கலம் பஸ் நிறுத்தத்தில் கூட்டம். கம்பெனி பஸ்சுக்காக நிற்கும் கூட்டம் அது. ஒரகடம் போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்கள், இருங்காட்டுக்கோட்டை போகிறவர்கள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. பெண்களும் நிறையப் பேர். முதல் ஷிப்டு.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் புலிகேசியை ஓட ஓட விரட்டிய ஊர் இது. இன்று ஊரே ஓடுகிறது. ஷிப்டுக்கு!

இப்படி ஓடும் தாய்மார்களின் கைக்குழந்தைகள் யார் பொறுப்பில் இருக்கின்றன?

மாமியார் இருந்தால் மாமியாரிடம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் அம்மாவிடம். இரண்டும் இல்லை என்றால், அதே லைன் வீட்டில் பக்கத்து வீட்டு அக்காவிடம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து ஒரே அறையில் குடியிருப்பவர்கள் என்றால், கணவனும் மனைவியும் ஷிப்டு மாற்றிப் பார்த்துக்கொள்வதும் உண்டு.

பால் கொடுக்க ஆள் இருக்கிறது. குளிப்பாட்ட ஆள் இருக்கிறது. தூங்கவைக்க ஆள் இருக்கிறது. 'இந்த மாசம் பிள்ளை புதுசா என்ன செஞ்சுது?' என்று கணக்கு வைக்க மட்டும் ஆள் இல்லை!

சட்டப்படி பேறுகால விடுமுறை, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். 2017-ல் சட்டத்தைத் திருத்தி இப்படி ஆக்கினார்கள். அதாவது 6 மாதம். (காண்டிராக்டில் வேலை பார்க்கும் பல பெண்களுக்கு அதுவும் எட்டாக்கனி. அது தனிக்கதை.) சரியாக இந்த 6 மாதம் முடிந்த பிறகுதான் பிள்ளை உட்காருகிறது. தவழ்கிறது. பேரைக் கூப்பிட்டால் திரும்புகிறது. நிற்கிறது, நடக்கிறது, 'அம்மா' என்கிறது. இதெல்லாம் நடக்கும்போது அம்மா கம்பெனியில்!

ஆக, பார்த்த சாட்சிகள் பல பேர். ஒருத்தர் பார்த்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. 'கூப்பிட்டா திரும்பல, விளையாட்டு மும்முரம்' என்று பாட்டி நினைத்துக்கொள்கிறாள். 'இன்னிக்கு சளி, அதான் டல்லா இருக்கு' என்று பக்கத்து வீட்டு அக்கா நினைத்துக்கொள்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லாமலே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

பழைய பல்லவி

பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆகிவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு உள்ளுக்குள் பயம். ஒரு நாள் வாய் விட்டுச் சொல்லிவிடுகிறாள். உடனே என்ன பதில் வரும்?

"இவங்க அப்பனும் மூணு வயசு வரைக்கும் பேசலம்மா. இப்ப பாரு, வாயை மூடுறானா?"

எல்லாரும் சிரித்துவிடுவார்கள். தாய் அடங்கிவிடுவாள். வசம்பை உரசி நாக்கில் தடவு என்பார் ஒருவர். கோவிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொள் என்பார் இன்னொருவர். வேண்டிக்கொள்வது தப்பு இல்லை. வேண்டிக்கொண்டுவிட்டு 6 மாதம் சும்மா இருக்கிறார்களே, அதுதான் தப்பு.

பாட்டி சொல்வது முழுப்பொய்யும் அல்ல. தாமதமாகப் பேசி, பிறகு சரியாகிவிடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை தானாகச் சரியாகும், எந்தப் பிள்ளை ஆகாது என்பது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

பீரோவில் இருந்த 2 பவுன் சங்கிலி காணோம் என்றால் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம். 'எங்கப்பா காலத்துலயும் ஒரு தடவை காணாமப் போச்சு, தானா கிடைச்சுது' என்று யாரும் காத்திருப்பது இல்லை. பிள்ளை விஷயத்தில் மட்டும் காத்திருக்கிறோம்.

2 வயதுக்குள் பிள்ளையின் மூளை, பெரியவர் மூளையின் அளவில் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. பயிற்சி கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும் காலமும் அதுதான்.

இது ஏதோ ஆயிரத்தில் ஒரு வீட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் 5 இடங்களில் குழந்தைகளைச் சோதித்து, 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பார்வை, கேள்வி, பேச்சு, கை கால் இயக்கம், வலிப்பு, ஆட்டிசம், அறிவு வளர்ச்சி என்று 7 வகைக் குறைகளைப் பார்த்தார்கள். 2 முதல் 6 வயதுக்குள் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 9 பேருக்கு ஏதாவது ஒரு குறை இருந்தது. அந்த 5 இடங்களில் தமிழ்நாடு இல்லை. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 குழந்தைகள் இருக்கும் ஒரு பால்வாடியில் ஒன்றிரண்டு பிள்ளைகள் என்று ஆகிறது.

முதலில் காதைப் பாருங்கள்!

பேச்சு வராத பிள்ளைக்கு எல்லாரும் நாக்கைப் பார்க்கிறார்கள். 'நாக்கு ஒட்டியிருக்கு, அதான் பேச்சு வரல' என்பார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு தடுமாறலாம். வார்த்தையே வராமல் தடுக்காது.

பார்க்க வேண்டியது காதை.

காது கேட்காத பிள்ளையும் முதல் சில மாதங்கள் 'ஊ... ஆ...' என்று குரல் கொடுக்கும். முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். பசித்தால் வீடு அதிர அழும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மற்றப் பிள்ளைகள் 7, 8 மாதத்தில் 'பபபப... தததத...' என்று அடுக்க ஆரம்பிப்பார்கள். இந்தப் பிள்ளை அந்தப் படியில் ஏறாது. அதைக் கவனிக்கத்தான் வீட்டில் ஆள் வேண்டும்.

"தட்டைத் தட்டினேன், டக்குனு திரும்பிச்சே!"

இந்தச் சாட்சி செல்லாது. தட்டிய கையைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். தரை அதிர்ந்தது தெரிந்திருக்கலாம். கொஞ்சம் கேட்டு, கொஞ்சம் கேட்காத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தட்டுச் சத்தம் கேட்கும், பட்டாசு கேட்கும், பேச்சு கேட்காது.

சரியான சோதனை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். சந்தேகம் என்றால் 'பெரா' என்று அடுத்த சோதனை. தலையில் ஒயர்களை ஒட்டி, சத்தம் மூளை வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

டாக்டர்கள் இதற்கு '1-3-6' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1 மாதத்துக்குள் முதல் சோதனை. 3 மாதத்துக்குள், குறை உண்டா இல்லையா என்று முடிவு. 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். நம் வீடுகளிலோ 6 மாதத்தில் சந்தேகமே வருவதில்லை.

காதில் மாட்டும் கருவி போதாது என்றால் 'காக்ளியர்' கருவியை ஆபரேஷன் செய்து பொருத்துகிறார்கள். காசு கொடுத்துச் செய்தால் லட்சக்கணக்கில் ஆகும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை 6 வயதுக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்பு வரை இழுத்துக்கொண்டு போவதும் புத்திசாலித்தனம் இல்லை. 1, 2 வயதில் கருவி வைத்த பிள்ளை பேசுவதற்கும், 5 வயதில் வைத்த பிள்ளை பேசுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கருவி வைத்தால் மறுநாளே பேசிவிடாது. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் பேச்சுப்பயிற்சி கொடுக்க வேண்டும்.

'சமத்துப் பிள்ளை'

இன்னொரு பாராட்டும் சில சமயம் ஏமாற்றிவிடுகிறது.

"அழவே அழாது. போட்டா போட்ட இடத்துல கிடக்கும். அவ்வளவு சமத்து!"

சமத்தாகவே பிறக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் தைராய்டு சுரப்பி வேலை செய்யாத பிள்ளையும் இப்படித்தான் கிடக்கும். எப்போதும் தூக்கம். பால் குடிக்கச் சோம்பல். மலச்சிக்கல். மற்றப் பிள்ளைகளுக்கு ஓரிரு வாரத்தில் போய்விடும் மஞ்சள் நிறம், இதற்குப் போகாமல் நீடிக்கும். நாக்கு சற்றுப் பெரிதாக இருக்கும். தொப்புள் புடைத்து நிற்கும். சில பிள்ளைகளுக்கு முதல் வாரங்களில் இந்த அடையாளம் எதுவுமே தெரியாமலும் இருக்கும்.

பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் இது தெரிந்துவிடும். மருந்து, தினம் ஒரு மாத்திரை. ஒரு டீ காசு கூட ஆகாது. பிறந்து சில வாரங்களுக்குள் ஆரம்பித்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல ஓடும், படிக்கும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் மூளைக்கு ஏற்பட்ட சேதத்தை எந்த மாத்திரையாலும் சரிசெய்ய முடியாது.

பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில் 'தைராய்டு பார்த்தாச்சா, காது பார்த்தாச்சா?' என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு டிஸ்சார்ஜ் சீட்டை வாங்குவது நல்லது.

ஊசி அட்டையில் இருக்கும் படங்கள்

மாத வளர்ச்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தாய் சேய் நல அட்டை. ஜனங்கள் வாயில் 'ஊசி அட்டை'. அதில் ஊசிப் பக்கத்தை மட்டும்தான் எல்லாரும் புரட்டுகிறார்கள். பிள்ளை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று படம் போட்ட பக்கங்களும் அதே அட்டையில் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். தமிழ் தெரியாதவர்களுக்கும் புரியும்.

ஊசி போடும் நாள்களையே கணக்கு நாள்களாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றரை மாத ஊசிக்குப் போகும் பிள்ளை, தாயின் முகத்தை உற்றுப் பார்க்க வேண்டும். 2 மாதம் ஆகும்போது முகம் பார்த்துச் சிரிக்கும். 3 மாதம் முடிந்தும் சிரிப்பு வரவில்லை, கண் எதையும் தொடரவில்லை என்றால் நர்சம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றரை மாத ஊசியின்போது கழுத்தைப் பாருங்கள். தலை நிற்க ஆரம்பித்திருக்கும். 5 மாதம் ஆகியும் தலை துவண்டு விழுகிறது என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். கையை எந்நேரமும் இறுக்கி மூடியே வைத்திருந்தாலும் அப்படியே.

9 மாத ஊசிதான் முக்கியம். ஏனென்றால் அப்போது தாய் வேலைக்குப் போயிருப்பாள். பாட்டி தூக்கிக்கொண்டு வருவாள். பிள்ளை பிடிமானம் இல்லாமல் உட்காருகிறதா? ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சாமானை மாற்றுகிறதா? 'பபபப' சத்தம் உண்டா? பேரைக் கூப்பிட்டால் பார்க்கிறதா? இந்த வயதில் ஒரு கையை மட்டுமே நீட்டி, மறு கையைச் சும்மா வைத்திருந்தால், 'இடது கைப் பழக்கம் போல' என்று சிரிக்கக்கூடாது. ஒரு வயதுக்குள் கைப்பழக்கம் வருவது இல்லை. சும்மா இருக்கும் கையில் பலம் குறைவோ என்று பார்க்க வேண்டும்.

ஒன்றரை வயது ஊசிக்குப் பிள்ளை நடந்து வர வேண்டும். சில வார்த்தைகள் இருக்க வேண்டும். 2 வயதில் 'அம்மா வா', 'பால் வேணாம்' என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எந்த வயதானாலும், நேற்று வரை சொன்ன வார்த்தை இன்று இல்லை, நேற்று வரை செய்த வேலையைச் செய்யவில்லை என்றால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக்கூடாது. வந்தது போகக்கூடாது.

பீதி வேண்டாம்

இதைப் படித்துவிட்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு போட்டி வைக்க வேண்டாம். இந்தியா உள்பட 5 நாடுகளில் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளை உலக சுகாதார நிறுவனம் கவனித்து 2006-ல் கணக்கு வெளியிட்டது. தானாக நடப்பது 8 மாதத்தில் தொடங்கி பதினேழரை மாதம் வரை. அவ்வளவும் சரியான கணக்குதான்! நூற்றுக்கு 4 பிள்ளைகள், கையையும் முட்டியையும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டன.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்குக் கழித்துப் பார்க்க வேண்டும். 2 மாதம் முன்னால் பிறந்த பிள்ளைக்கு இப்போது 8 மாதம் என்றால், 6 மாதப் பிள்ளை செய்வதைச் செய்தால் போதும். 2 வயது வரை இந்தக் கழிவு உண்டு. ஆனால் மாதம் நிறையாமல் பிறந்தது, பிறந்ததும் அழாதது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தது, வலிப்பு வந்தது, இந்தப் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சொன்ன தேதியில் சொன்னபடி காட்டிவிட வேண்டும். 'இப்ப நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடக்கூடாது. கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்கும் சோதனைக்கு, மாதம் குறைந்த பிள்ளைகளுக்கு அதிகபட்சம் 30 நாள்தான் கெடு.

நடக்கவில்லை என்று சக்கரம் வைத்த 'வாக்கர்' வாங்கிப் பிள்ளையை அதில் உட்கார வைக்கிறார்கள். தண்டக்காசு! அது நடையைப் பழக்குவது இல்லை. படியில் உருண்டு மண்டை உடைந்த பிள்ளைகள் ஏராளம். கனடாவில் 2004-லேயே இதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். தச்சர் செய்யும் நம்மூர் மர நடைவண்டி வேறு. அதில் பிள்ளை தானாக நின்று, தானாகத் தள்ளும்.

பென்சில் சோதனை

கேரளத்தில் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் மற்ற டாக்டர்களும் ஒரு அட்டவணை செய்து 1991-ல் வெளியிட்டார்கள். 2 வயது வரை 17 வேலைகள். முகம் பார்த்துச் சிரிப்பது முதல், பொம்மையின் கண், மூக்கைத் தொட்டுக் காட்டுவது வரை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. பட்டை தொடங்கும் இடம், சீக்கிரம் செய்யும் பிள்ளையின் மாதம். முடியும் இடம், தாமதமாகச் செய்யும் பிள்ளையின் மாதம்.

பிள்ளையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நெட்டாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துபோன பட்டைகளில் உள்ள வேலைகளைப் பிள்ளை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று செய்யாவிட்டாலும் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். சோதனைக்குத் தேவையான சாமான்கள் ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும். சில நிமிட வேலை. பால்வாடி டீச்சரும் செய்யலாம் என்றுதான் இப்படிச் சுலபமாகச் செய்தார்கள்.

நிலாவைப் பார்க்கிறதா? விரலைப் பார்க்கிறதா?

நம் புலவர்கள் இதற்கெல்லாம் முன்னோடி. பிள்ளைத்தமிழ் பாடுகிறவர்கள் குழந்தைப் பருவத்தை மாதக்கணக்காகப் பிரித்து வைத்தார்கள். 5-ம் மாதம் செங்கீரை. கையையும் முட்டியையும் ஊன்றித் தலையை ஆட்டும் பருவம். 9-ம் மாதம் சப்பாணி. கை தட்டும் பருவம். 13-ம் மாதம் வாரானை. 'வா' என்றால் தளர்நடை போட்டு வரும் பருவம். 15-ம் மாதம் அம்புலி. நிலாவைக் காட்டும் பருவம்.

டாக்டர்கள் இன்று எழுதும் மாதங்களும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. அதிலும் அம்புலிப் பருவத்தைச் சொன்னவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

'அதோ பார் நிலா' என்று பாட்டி விரல் நீட்டுகிறாள். பிள்ளை விரல் போகும் திசையில் பார்க்கிறது. பிறகு பாட்டி முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. கொஞ்ச நாளில் தானே விரலை நீட்டி, 'நீயும் பார்' என்பது போல் காட்டுகிறது. பார்க்கச் சின்ன விஷயம். பேச்சுக்கும் பழக்கத்துக்கும் அடிப்படை இது.

ஒன்றரை வயது ஆகியும் பிள்ளை விரல் நீட்டிக் காட்டவில்லை. நாம் காட்டும் பக்கம் பார்க்கவில்லை. பேரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஆனால் பிஸ்கட் பாக்கெட் சத்தம் அடுத்த அறையில் கேட்டாலும் ஓடி வருகிறது. வேண்டிய சாமானைக் காட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைக்கிறது. பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்படிப் பல சேர்ந்து வந்தால் ஆட்டிசம் உண்டா என்று சோதிக்க வேண்டும். இருந்துவிட்டால், தாய் வேலைக்குப் போனதால் வந்தது என்று பழி போடுவார்கள். அது பொய். வளர்த்த விதத்தால் ஆட்டிசம் வருவது இல்லை.

செல்போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோறு ஊட்ட இன்று நிலா இல்லை, செல்போன்தான். அதனால் ஆட்டிசம் வரும் என்று சொல்வது சரி இல்லை. ஆனால் செல்போன் பிள்ளையிடம் பேசும், பிள்ளை சொல்வதைக் கேட்காது. பதில் பேச ஆள் இருந்தால்தான் பிள்ளைக்குப் பேச்சு வளரும். 2 வயது வரை திரையே காட்டாதீர்கள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

இரண்டு மொழி கேட்பதால் பிள்ளை குழம்பிவிடும் என்பதும் தப்பு. வீட்டில் ஒடியாவோ இந்தியோ, தெருவில் தமிழ் என்று வளரும் பிள்ளைக்கு அதனால் பேச்சுத் தடங்கல் வராது. 'வடநாட்டுப் பிள்ளை, அதான் பேசல' என்று பால்வாடியில் விட்டுவிடக்கூடாது.

எங்கே போவது?

முதல் படி, கிராம நர்சு அல்லது பால்வாடி. வெளி மாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளையும் பால்வாடியில் சேர்க்கலாம். 2013-ல் வந்த பால் ஸ்வஸ்திய திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஒன்று ஒவ்வொரு பால்வாடிக்கும் ஆண்டுக்கு 2 முறை வர வேண்டும். பிறவிக்குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று 30 வகை பார்க்க வேண்டும். இதில் ஒரு ஓட்டை. அன்று பால்வாடிக்கு வராத பிள்ளை தப்பிவிடுகிறது. லைன் வீட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும் பிள்ளைதான் முதலில் தப்பும் பிள்ளை. யாரைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்க முடியாமல் குழு திரும்பிப் போய்விடும். வீட்டுக்காரர்கள் வாடகை வசூலிக்கப் போகும்போது, எந்த அறையில் கைக்குழந்தை இருக்கிறது என்று பால்வாடி டீச்சரிடம் சொன்னாலே பாதி வேலை முடியும்.

குழு சந்தேகப்படும் பிள்ளைகளை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பெயர் வாயில் நுழையாது. பெரிய ஆஸ்பத்திரியில் 'டி.ஈ.ஐ.சி. எங்கே?' என்று கேட்டால் காட்டுவார்கள். குழந்தை டாக்டர், காது-பேச்சு நிபுணர், கை கால் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே இடத்தில். பணம் கட்ட வேண்டாம்.

மணிமங்கலத்திலிருந்து தாம்பரம் போய் ரெயில் ஏறினால் எழும்பூர். அங்கே அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி. கிழக்குக் கடற்கரை சாலையில் முட்டுக்காட்டில், பல குறைகள் சேர்ந்த பிள்ளைகளுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கென்று தனி மையம் 2021-ல் அங்கே திறந்தார்கள். தியாகராயநகரில் மதுரம் நாராயணன் மையம் 1989-லிருந்து இதே வேலையைச் செய்கிறது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடம் அல்ல அது. தாயோ பாட்டியோ கூடவே இருந்து கற்றுக்கொண்டு, வீட்டில் செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தெற்கே பதில் இருக்கிறது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். விபத்தில் கழுத்துக்குக் கீழே அசைவு இழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். பிள்ளை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று அவர்கள் செல்போனில் பதிகிறார்கள். நிபுணர்கள் அதைப் பார்த்து, அடுத்த வாரப் பயிற்சியைச் சொல்கிறார்கள். வயல்காட்டு ஊர்களில் நடக்கும் இந்த வேலை, கார் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் இந்த வட்டாரத்தில் ஏன் நடக்கக்கூடாது? 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காப்பகச் சுவரில் அந்தப் பென்சில் அட்டவணையை ஒட்ட எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

பிரச்சினை லீவுதான். பல கம்பெனிகளில் ஒரு நாள் வராவிட்டால் அந்த மாத வருகை போனஸ் போய்விடும். அதனால் தாய் ஆஸ்பத்திரிக்குப் போவதை அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போடுகிறாள். அப்பா இரவு ஷிப்டு என்றால் காலையில் அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அப்பா வரக்கூடாது என்று எந்த ஆஸ்பத்திரியிலும் போர்டு மாட்டவில்லை. ஊசி அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.